கதவு திறக்காமல் அடித்த மணி

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் மூன்று வரிகள். முதல் வரியில் தஸ்தகீர் என்ற பெயர். இரண்டாவது வரியில் ரேடியோ, மோட்டார் ரிப்பேர். மூன்றாவது வரி மட்டும் சிவப்பில்: 'திருடன், தீ அறிவிப்பு மணி பொருத்தப்படும்.' அந்தச் சிவப்பு வரிக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும் பங்கு இல்லை.

தஸ்தகீரின் அப்பா தகர வேலைக்காரர். லாந்தருக்கு அடிப்பாகம் வைப்பார், எண்ணெய்ப் புனல் செய்வார். மகனுக்கு ஈயம் உருக்கிப் பற்றவைக்க அங்கேயே பழகிவிட்டது. பதினாறு வயதில் பெங்களூருக்குப் போய், நகைக்கடைகளுக்கும் பெரிய பங்களாக்களுக்கும் அபாய மணி பொருத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நாலு வருடம் ஏணி பிடித்தார். அப்புறம் எட்டு வருடம் தானே ஏணியில் ஏறினார். 1968-இல் அவருடைய அம்மா ஜான் பீ படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தார். அம்மா போன பிறகும் திரும்பவில்லை. ஹசீனாவைக் கட்டிக்கொண்டு இந்தக் கடையைப் போட்டார்.

பெங்களூரில் விற்றது இங்கே ஏன் விற்காது என்று நினைத்திருக்கிறார். இங்கே கதவுக்குப் பூட்டுப் போடுவதே, வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏதாவது கல்யாணத்துக்குப் போகும்போதுதான்.

"ஏன் பாய், பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கெடைக்கலைன்னு சொல்லுவாங்க. நீங்க திருடனுக்கே கட்டறீங்களே, அவன் கழுத்தை நீட்டுவானா?" என்று டீக்கடை ஆண்டி தினமும் ஒரு முறையாவது கேட்பான்.

"அவன் நீட்ட வேணாம்டா. கதவைத் தொட்டாப் போதும்."

"தொட்டா?"

"உனக்குக் கேக்கும்."

"எனக்குக் கேட்டு நான் என்ன பண்றது? திரும்பிப் படுத்துக்குவேன்."

ஆறு வருடத்தில் அவர் பொருத்தியது மூன்றே மணிகள். அடகுக்கடையில் ஒன்று. அதில் பல்லி ஒன்று இரண்டு கம்பிகளுக்கு நடுவில் செத்துக் கிடந்து ஒரு வாரம் அலைக்கழித்தது. அரிசி மண்டியில் ஒன்று. அதை மின்சாரத்தில் ஓடவிட்டிருந்தார். வயல்களில் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும்போது மின்சாரம் இறங்கும், மணி அடிக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் அடிக்கும். மண்டிக்காரர் மணியின் வாயில் சாக்கைத் திணித்து வைத்தார். அதன் பிறகு எல்லாவற்றையும் பேட்டரிக்கு மாற்றினார் தஸ்தகீர். மூன்றாவது மணிதான் சின்னப்பராஜ் வீட்டு மணி.

நான் அவர் கடைக்குப் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அங்கே செய்தித்தாள் வரும் என்பது மட்டும்தான். என் அப்பா சவரி ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தில் அவர் சம்மட்டி அடித்த பணத்தில் சேலத்தில் தங்கி இயற்பியல் படித்து, 1973-இல் பி.எஸ்ஸி. முடித்தேன். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்து, 'ஆட்கள் தேவை' பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தஸ்தகீர் என்னைப் படித்தவன் என்று மதித்தார். எனக்குத் தெரியாததைக்கூட எனக்குத் தெரியும் என்று நம்பினார். அதைத் திருத்த நான் முயலவில்லை.

சின்னப்பராஜ் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கைச் சேர்ந்தவர். கிணற்றுப் பாசனத்தில் கடலைக்காய் போட்டு, பிறகு கடலைக்காயே வாங்கி விற்று, 1974 தை மாதம் கோயில் தெருவில் மாடி வைத்த வீடு கட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்து நிர்வாகத்தில் அவர் வார்த்தைக்கு எடை உண்டு. அங்கே ஓர் ஆசிரியர் இடம் காலியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

மணி வேலை செய்யும் விதம் எளிது. முன்கதவு, பின்கதவு, இரண்டு ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே கம்பி சுற்றி வருகிறது. ஒவ்வொரு கதவின் உச்சியிலும் இரண்டு பித்தளைத் தகடுகள், நிலையில் ஒன்று, கதவில் ஒன்று. கதவு மூடியிருந்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்கள் கைகோத்து வட்டமாக நிற்பது மாதிரி. யாராவது ஒருவர் கையை விட்டால் வட்டம் அறுந்தது, மணி அடிக்கும். வீட்டுக்குள் ஒன்றும் வெளிச்சுவரில் ஒன்றுமாக இரண்டு சாவித் துளைகள்; ஏதாவது ஒன்றில் சாவி போட்டுத் திருப்புகிற வரை நிற்காது. கதவு காற்றில் லேசாக ஆடினால் அடிக்கக் கூடாது என்பதற்காக, ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்தால் கண்டுகொள்ளாதபடி ஒரு கண்டென்சரும் வைத்திருந்தார். அது அவருடைய சொந்த யோசனை.

கடலைக்காய் மூட்டைகள் அடுக்கும் பின்னறைக்குத் தீ மணியும் வைத்தார். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்த தகடு, சூடேறினால் வளைந்து மணியை அடிக்க வைக்கும். சித்திரை மாத நடுப்பகலில், தீ எதுவும் இல்லாமலே, அறையின் தகரக் கூரைச் சூட்டில் அது வளைந்தது. ஆட்கள் ஓடி வந்து குடம் குடமாக ஊற்றியதில் நாலு மூட்டை நனைந்தது.

"என் தப்புங்க," என்றார் தஸ்தகீர் உடனே. "தகரத்துச் சூட்டை நான் நெனச்சுப் பாக்கல." தகட்டைக் கூரையிலிருந்து இறக்கிச் சுவரில் வைத்தார். அதன் பிறகு அது சும்மா அடிக்கவில்லை. ஆனால் தப்பை இப்படி வாய்விட்டு ஒப்புக்கொண்டதால்தான் பிறகு அவர் பேச்சை யாரும் கேட்கவில்லையோ என்று இப்போது நினைக்கிறேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றுக்கு மலை இடுக்கிலிருந்து வரும் வேகம் உண்டு. கூரை ஓட்டைக் கழற்றும். முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் சின்னப்பராஜ் வீட்டு மணி அடித்தது. அவர் மனைவி மதலேனம்மாள் சாப்பிட்டதும் எல்லாக் கதவையும் மூடி, மணியைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவார். எழுந்து பார்த்தால் கதவுகள் மூடியே இருந்தன. பின்பக்கத்துக் கல் மேடையில் வேலைக்காரி குள்ளம்மாள் மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தஸ்தகீர் ஓடினார். பேச்சுத் துணைக்கு நானும் போனேன். ஸ்டூல் போட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். முன்கதவு நிலைக்கு மேலே, உள்பக்கத்தில், மற்ற எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் இருப்பது போல, குருத்தோலை ஞாயிறு அன்று மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்துச் சொருகியிருந்தார்கள். வேலை செய்யும் முன் அவர் கையை வேட்டியில் துடைத்து, அதை இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் மேடையில் சுத்தமான காகிதத்தின் மேல் வைத்தார். தகடுகளை உப்புத்தாளால் தேய்த்தார். கதவை மூடி, காற்று ஆட்டுவது போல வெளியிலிருந்து ஆட்டச் சொன்னார். நான் ஆட்டினேன். மணி அடிக்கவில்லை. இருபது தடவை ஆட்டினேன். அடிக்கவில்லை. ஓலையை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே திரும்பச் சொருகிவிட்டு இறங்கினார்.

நாலு நாள் கழித்து மறுபடி அடித்தது. மறுபடி ஸ்டூல், மறுபடி உப்புத்தாள். கம்பியை அடி அடியாக விரல் வைத்துத் தடவினார். பேட்டரியை மாற்றினார். பின்கதவுத் தகடுகளைக் கழற்றிப் புதிதாக அடித்துப் போட்டார். சோதித்தால் ஒழுங்காக இருந்தது. ஒரு கோளாறும் அகப்படவில்லை.

"இது என்னடா இது," என்று கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "நான் இருந்தா நல்ல புள்ளையா இருக்குது. தலை மறைஞ்சா ஆடுது."

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை அடித்தபோது தெருவே கூடியது. நான் போன நேரம் மதலேனம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஈரக் கையோடு குள்ளம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து வருபவள். புருஷன் இல்லை. பெயருக்கு ஏற்றபடி மதலேனம்மாளின் தோளுக்குத்தான் இருந்தாள்.

"மூணு தரம் அடிச்சுது. மூணு தரமும் நீ மட்டும்தான் இருக்கிற. எப்பிடி?"

"நான் என்னாத்தம்மா கண்டேன்? சாமானத்தைத் தேச்சுக்கினு இருந்தேன். அதுவா அடிக்குது."

"அதுவா அடிக்குமா? கேளு, தம்பி வந்துட்டான். படிச்ச புள்ள. அருளு, நீ சொல்லுப்பா. அது சும்மா அடிக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னப்பராஜும் பார்த்தார். தஸ்தகீர் அப்போது வீட்டுக்குள்ளே ஸ்டூலில் இருந்தார்.

"கம்பியில கரண்ட் அறுந்தாத்தாங்க மணி அடிக்கும்," என்றேன். "கரண்ட் அறுக்கணும்னா கதவு தொறக்கணும். கதவு தொறக்காம மணி அடிக்காது. மிஷின் பொய் சொல்லாதுங்க."

இரண்டாவது வாக்கியத்தில் ஓட்டை இருந்தது. கதவைத் தவிர வேறு ஏதாவதும் அறுக்கலாம். கல்லூரியில் முதல் வருடப் பையன்கூட அதைச் சொல்லியிருப்பான். எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. தோன்றியது. ஆனால் சின்னப்பராஜ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

தஸ்தகீர் வெளியே வந்தார். "அப்பிடிச் சொல்ல முடியாதுங்க. மிஷினு நல்லாவே பொய் சொல்லும். கோளாறு என்னோடதா இருக்கலாம், இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க."

"போன தரம் கடலைக்காயை நனைச்சதும் உங்க கோளாறுதான் பாய்," என்றார் சின்னப்பராஜ். "இதுல படிச்சவன் சொல்றது எனக்குப் புரியுது."

மதலேனம்மாள் நடுத்தெருவில் குள்ளம்மாளின் மடியை அவிழ்த்து உதறச் சொன்னார். வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் விழுந்தன. வீட்டில் ஒரு சாமானும் குறையவில்லை. "மணி அடிச்சுதே, அதனால எடுக்க முடியல," என்றார் ஒருவர். குள்ளம்மாள் குனிந்து வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வேலை இல்லை.

ஆவணி பிறந்தது. மணி நின்றுவிட்டது.

"பாத்தியா அருளு, அவளை நிறுத்தினோம், மணி நின்னுது," என்று பூசை முடிந்து வரும்போது சின்னப்பராஜ் என் தோளில் தட்டினார். "உன் விஷயம் ஞாபகத்துல இருக்குது."

குள்ளம்மாளை வேறு வீட்டுக்காரர்கள் வேலைக்கு வைக்கவில்லை. ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டப் போனாள். அவள் தெருவில் வந்தால் பிள்ளைகள் நாக்கை மடக்கி 'ட்ரிங்ங்' என்று சத்தம் போட்டார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியவில்லை, எல்லாத் தெருவுக்கும் பரவிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தால் இன்னும் உரக்க அடித்தார்கள். பிறகு அவள் தெருவுக்குள் வருவதை விட்டு, தண்டவாளத்தின் மேலேயே நடந்து போக ஆரம்பித்தாள்.

தஸ்தகீருக்கு நிம்மதியில்லை. இரண்டு புது வீட்டுக்காரர்கள், மணி திருடியைப் பிடித்துக் கொடுத்ததைக் கேட்டு, தங்கள் வீட்டுக்கும் வைக்கச் சொல்லி வந்தார்கள். ஆறு வருடமாக அவர் காத்திருந்த காலம். அவர் இருவரையும் 'அப்புறம் பாக்கலாங்க' என்று திருப்பி அனுப்பினார்.

"பாய், வந்த வேலையை ஏன் தள்றீங்க?" என்றேன்.

"அந்த மணி ஏன் அடிச்சுதுன்னு எனக்குத் தெரியல அருளு. ஏன் நின்னுதுன்னும் தெரியல. காரணம் தெரியாம நின்னது காரணம் தெரியாமயே அடிக்கும். தெரியாத ஒண்ணை இன்னும் ரெண்டு வூட்ல கொண்டுபோய் மாட்டவா?"

மாதத்துக்கு ஒரு முறை சின்னப்பராஜ் வீட்டுக்குப் போய், ஒரு தரம் பார்க்கிறேன் என்று கேட்பார். "நல்லா இருக்கறதை நோண்டாதே பாய்," என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். ஹசீனா என்னிடம் சொன்னார்: "தூங்கறப்பக்கூட கதவைப் பத்தியே பொலம்பறாரு தம்பி. என்னைத்தான் எழுப்பி, மேல ரெண்டு தகடு, கீழ ஒரு ஆணின்னு சொல்லிக் காட்டறாரு. எனக்குக் கண்ணை மூடினா பித்தளைதான் தெரியுது."

1975 பிப்ரவரி. விபூதிப் புதன் நெருங்கியது. போன வருடத்துக் குருத்தோலைகளை எல்லா வீட்டிலிருந்தும் கழற்றிக் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் சாமியார் புதனன்று நெற்றியில் பூசுவார். எங்கள் தெருவிலும் கோயில் தெருவிலும் ஓலை சேர்க்கும் பொறுப்பு என் அம்மா மிக்கேலம்மாளுக்கு. முழங்கால் வலி என்று சனிக்கிழமை சாயங்காலம் என் கையில் சாக்குப் பையைக் கொடுத்து அனுப்பினார்.

"பட்டம் வாங்கி ஓலை பொறுக்கறேன்," என்றேன்.

"சும்மா இருக்கிற கால் நடந்தா தேயாது. போ," என்றார் அம்மா.

பதினோராவது வீடு சின்னப்பராஜ் வீடு. மதலேனம்மாள் ஸ்டூலைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். ஏறி ஓலையை இழுத்தேன். பத்து மாதத்தில் காய்ந்து, சிலுவையின் கீழ்க்கால் சுருண்டு நீண்டிருந்தது. அந்த நுனியில் இரண்டு பக்கமும் கறுப்புக் கறை. விரல் நக அகலத்தில், பித்தளையின் பச்சைக் களிம்பு ஓரத்தோடு. தகட்டின் அகலமும் அதே விரல் நக அகலம்.

ஸ்டூலில் அப்படியே நின்றேன். பச்சையாக இருந்தபோது இந்த ஓலை விறைப்பாக ஒதுங்கி நின்றிருக்கும். காய்ந்ததும் சுருண்டு தகடுகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கதவுக்கு மேலே கம்பி போட்ட காற்றுச் சந்து. ஆடிக் காற்று கதவை ஆட்டும்போது தகடுகள் கண்ணிமைக்கும் நேரம் விலகும், அதே காற்று நுனியை உள்ளே தள்ளும், தகடுகள் அதைக் கவ்விக்கொள்ளும். வட்டம் அறுந்துவிடும். யாராவது வந்து கதவைத் திறந்தால் தகடுகள் பிரிந்து, ஓலை நழுவிப் பழைய இடத்துக்குப் போய்விடும். தஸ்தகீர் சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் ஓலையை எடுத்து வைத்தார். கடைசியில் திரும்பச் சொருகினார். அடுத்தவர் சாமியின் ஓலை என்று அவருக்கு அவ்வளவு மரியாதை. எனக்கோ அது பிறந்ததிலிருந்து எல்லா நிலைக்கு மேலும் இருக்கிற பொருள். கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை.

பையில் போட்டால் புதன்கிழமை சாம்பலாகிவிடும். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பள்ளிக்கூடத்து வேலை ஜூனில். இவ்வளவும் நினைத்தேன். பிறகு ஓலையை இருந்த மாதிரியே சொருகிவிட்டு இறங்கினேன். "ஓலை நல்லா மாட்டிக்கினு இருக்குதுங்க, திங்கக்கெழமை வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

நான் சொல்லி முடிக்கும் வரை தஸ்தகீர் சூடான பற்றவைப்புக் கோலைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"நானே எடுத்தேன்," என்றார். "நானே சொருவினேன். மூணு தரம். என் கையால." கோலை வைத்தார்.  "அந்தப் பொம்பளை எங்க இருக்குது?"

குள்ளம்மாள் வீட்டு முன்னால் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புடைப்பதை நிறுத்தவில்லை. தஸ்தகீர் எல்லாவற்றையும் சொன்னார். தன் தப்பு என்று இரண்டு தரம் சொன்னார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "நானும் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன்.

"தப்பா எங்க சொன்ன? நல்லா கணீர்னுதான் சொன்ன," என்றாள்.

"நாங்க இப்பவே போய்ச் சின்னப்பராஜ்கிட்ட சொல்றோம்மா," என்றார் தஸ்தகீர்.

"எதுக்கு? தனியாச் சொன்னா தனியாவே முடிச்சிடுவாங்க. ஓலையைப் பிடுங்கிப் போட்டுட்டு, ஒரு சேலையைக் குடுத்து அனுப்புவாங்க. சேலையைப் போத்திக்கினா அந்தப் பசங்க போடற சத்தம் காதுல விழாம போயிடுமா?" முறத்தைத் தட்டினாள். "மணி அடிச்சுதானே ஊரைக் கூட்டினாங்க. அந்த மணி அடிக்கட்டும். ஊர் நிக்கட்டும். நானும் நிக்கறேன், கதவைத் தொடாம."

மறுநாள் ஞாயிறு. சின்னப்பராஜ் வீட்டில் எல்லோரும் முன்கதவைப் பூட்டி, வெளிச்சுவரில் இருந்த சாவித் துளையில் மணியைப் போட்டுவிட்டுப் பூசைக்கு வந்தார்கள். பூசை முடிந்து தெரு நிறைய ஜனம் திரும்பியபோது அவர் வாசலில் ஸ்டூல் கிடந்தது. தஸ்தகீர் நின்றார். பத்தடி தள்ளி, இடுப்பில் முறத்தோடு குள்ளம்மாள் நின்றாள். ஒரு பையன் பழக்கத்தில் 'ட்ரிங்ங்' என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

"என்ன பாய் இது?" என்றார் சின்னப்பராஜ்.

"மணி ஏன் அடிச்சுதுன்னு காட்டறேங்க. கதவு பூட்டியிருக்குது. சாவி உங்க கையில. யாரும் உள்ள இல்ல. இந்தம்மா கதவைத் தொடாது. மேல இருக்கிற சந்துக்குக் காத்து மட்டும் வீசும்."

நான் ஸ்டூலைக் கதவுக்கு இரண்டடி தள்ளிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். குள்ளம்மாள் ஏறி, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, சந்தைப் பார்த்து வீசினாள். கதவு அசையவில்லை. மறுபடி வீசினாள். மணி அடிக்கவில்லை. பத்துத் தடவை. அவள் கழுத்தில் வியர்வை இறங்கியது. பின்னாலிருந்து ஆண்டியின் குரல் கேட்டது: "பாய், பொங்கல் போன மாசமே முடிஞ்சுது, அரிசி எங்க?" தெரு சிரித்தது. எனக்கு ஸ்டூலை விட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது.

"காத்து அடிச்சா கதவும் ஆடும்," என்றார் தஸ்தகீர். "யாராவது ஆட்டணும். நான் ஆட்டினா என்னமோ வித்தை பண்ணிட்டான்னு சொல்லுவீங்க. நீங்களே ஆட்டுங்க. உங்க கதவு."

"ஆட்டினா அடிச்சிடுமா? இருபது தரம் அன்னைக்கு ஆட்டினான் இவன்!" சின்னப்பராஜ் கோபத்தோடு படியேறினார். பூட்டிய கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "எங்க? அடிக்குதா? எங்க அடிக்குது?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே உலுக்கினார். குள்ளம்மாள் அவர் தலைக்கு மேலே வீசிக்கொண்டேயிருந்தாள்.

அவர் கை கதவில் இருக்கும்போதே மணி அடித்தது.

சின்னப்பராஜ் கையைச் சுட்டது போல எடுத்தார். மணி நிற்கவில்லை. தஸ்தகீர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "தொறக்காதீங்க! தொறந்தா விழுந்துடும். ஸ்டூல்ல ஏறிச் சந்து வழியாப் பாருங்க!"

குள்ளம்மாள் இறங்கினாள். அவர் ஏறினார். நான்தான் ஸ்டூலைப் பிடித்திருந்தேன். கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். இறங்கி ஓரமாக ஒதுங்கினார். அதற்குள் கோயில் உபதேசியாரும் வேறு இரண்டு பேரும் முண்டியடித்து ஏறிப் பார்த்துவிட்டார்கள். "ஓலைடா! குருத்தோலை கவ்விக்கினு இருக்குது!" என்று உபதேசியார் சொன்னது தெருக்கோடி வரை போனது. மதலேனம்மாள் முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டார்.

"சாவியைத் திருப்புங்க, காது போவுது," என்றார் யாரோ.

"இருக்கட்டும்," என்றாள் குள்ளம்மாள். அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய ஒரே வார்த்தை அது. சின்னப்பராஜ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன தோன்றியதோ, திருப்பவில்லை. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பூசைக்கு வராத வீட்டுக்காரர்களும் ரயில் பாதைப் பக்கத்து ஆட்களும் ஓடி வந்து என்ன என்று கேட்க, மற்றவர்கள் ஓலையைச் சொல்ல, அது முழுவதும் அவள் முன்னால் நடந்தது. பிறகு அவளே தலையசைத்தாள். சாவி திரும்பியது.

மதலேனம்மாள் மெதுவாக, "நாளைக்கு வந்துடு குள்ளம்மா," என்றார்.

"ஜல்லிக்குப் போறனுங்க," என்றாள்.

சின்னப்பராஜ் தஸ்தகீரிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்தவில்லை. "தெருவில என்னை நிக்க வெச்சிட்ட இல்ல? உன் டப்பா எனக்கு வேணாம். இப்பவே கழட்டிக்கினு போ." என்னைப் பார்த்தார்.  ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்து இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். அந்த இரண்டு புது வீட்டுக்காரர்களும் சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓலை பட்டால் அடிக்கிற மணியை யார் வாங்குவார்கள்?

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது தஸ்தகீர் பையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்தார். ராத்திரியே வெட்டி வைத்திருக்கிறார். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய், அந்தத் தகரத்தை மூடி போல வளைத்துப் பித்தளைத் தகடுகளின் மேல் ஆணி அடித்தார்.

"கழட்டச் சொன்னேன்!" என்றார் சின்னப்பராஜ்.

"கழட்டறேங்க. சரி பண்ணிட்டுக் கழட்டறேன். கோளாறோட கழட்ட முடியாது."

ஓலையைப் பழைய இடத்தில் சொருகினார். கதவை மூடி மணியைப் போட்டார். "அம்மா, இன்னொரு தரம் வீசு," என்றார். குள்ளம்மாள் மறுபடி ஸ்டூலில் ஏறினாள். இந்தத் தரம் அவரே கதவை உலுக்கினார். அவள் கை ஓயும் வரை வீசினாள். மணி அடிக்கவில்லை.

அவள் இறங்கி, முறத்தைத் தட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்துப் பக்கம் போகாமல் தெரு வழியாகவே நடந்தாள். பிள்ளைகள் வழிவிட்டார்கள். முன்பு சத்தம் போட்ட பையன் வாயைத் திறந்தான். அவன் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"இப்ப சரியா இருக்குது," என்று தஸ்தகீர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு திருப்புளியை எடுத்து முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். நான் ஓலையை எடுத்துச் சாக்குப் பையில் போட்டேன்.